சிலிண்டருக்குத் தேய்த்த விளக்கெண்ணெய்

அண்ணா,

காலையில் கிணற்றுக் கப்பி கீச்சுக் கீச்சென்று கத்தியது. "அதுக்குக் கொஞ்சம் எண்ணெ வுடேன், காது போவுது" என்று எங்கள் வீட்டுக்காரர் களத்திலிருந்து சத்தம் போட்டார். விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. எப்போதும் நிற்கும். இத்தனை வருஷமாக, இரும்பு எதற்கு எண்ணெய் போட்டாலும் ஒரு நொடி நின்று, 'இதுக்குப் போடலாமா?' என்று மனசுக்குள் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். இன்றைக்கும் கேட்டேன். கேட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

போன வாரம் அமிர்தி பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "ஆஸ்பத்திரி சாமான் வாடகைக்கு வுடுவாரே, கணியம்பாடிக்காரரு, அவரு போய்ட்டாரும்மா." எனக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டே சொன்னார். மீதிச் சில்லறையை வாங்காமல் இறங்கிவிட்டேன். நானா! என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

கப்பி கத்திக்கொண்டே இருக்கட்டும். நான் மூணாங்கிளாசோடு நின்றவள், எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும்.

வேலூரில் உங்கள் கடையை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கூரையில் வாழைத்தார் மாதிரி ஊன்றுகோல்கள் தொங்கின. கீழே இரும்புக் கட்டில், சக்கர நாற்காலி, மூத்திரச் சட்டி. நடுவில் குட்டையாக நீங்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்போது நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து ஒரு மாதிரி பிழைத்திருந்தார். இன்னும் ஒன்றரை மாசம் காலையும் சாயங்காலமும் ஆக்சிஜன் வைத்தே ஆகவேண்டும், விட்டால் மறுபடி இழுத்துக்கொள்ளும், இங்கேயே இருங்கள் என்றார் டாக்டர். இவரோ, சாமை அறுப்புக்கு நிற்கிறது, மலைக்குப் போனால்தான் எனக்கு மூச்சே வரும் என்று ஒரே பிடிவாதம். அதனால்தான் உங்களிடம் வந்தோம்.

நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "வூட்ல அடுப்பு எங்க இருக்குது?"

"இன்னாத்துக்குங்க, சோறு வேணுமா?" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. எங்கள் மலை வீடு ஒரே அறை என்று தெரிந்ததும் முகம் இன்னும் இறுகிப் போயிற்று. அப்புறம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னீர்கள். சிலிண்டர் கிட்ட நெருப்பு கூடாது, பீடி கூடாது. சாயாமல் நிற்கவைத்துக் கட்டணும். வால்வை மெதுவாகத் திறக்கணும். எண்ணெய் படவே கூடாது.

"அவருக்கு எண்ணெ ஆவுங்களா?"

"அவருக்கு இன்னா ஆவும்னு டாக்டர கேளு. சிலிண்டருக்கு ஆவாது. எங்க, நான் சொன்னத திருப்பிச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி ஒப்பித்ததில்லை. மூன்று தடவை சொல்லவைத்தீர்கள். "பாஸா பெயிலா?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. இந்த மனுஷனுக்குச் சிரிப்பு வாடகைக்குப் போயிருக்கிறது போல என்று எங்கள் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அவருக்குச் சிரிக்க மூச்சில்லை, கையைக் கிள்ளினார்.

அமிர்தியிலிருந்து மேலே ஏற்றியதுதான் பெரிய கூத்து. எங்கள் மலையில் கீழே போகிற டோலியில் நோயாளி இருப்பார். மேலே வருகிற டோலியில் மூடிக் கிடந்தால் அது பிணம். சிலிண்டரைக் கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? எதிர்வீட்டு அம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்து, "அய்யோ, நல்ல மனுசனாச்சே, போய்ட்டியே" என்று டோலியின் மேல் விழுந்தாள். பின்னால் இன்னொரு டோலியில் உட்கார்ந்து வந்த நல்ல மனுசன், "நான் இங்க இருக்கறேன்" என்று சொல்லப் பார்க்கிறார், குரல் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி என்னவெல்லாம் நல்லது சொல்கிறாள் என்று கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீங்கள் சொன்னதை நான் தட்டவில்லை அண்ணா. அடுப்பைப் பெயர்த்துப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனேன். மழைத் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு களி கிண்டினேன். மாட்டுக் கொட்டாய்க் கூரையில் இவர் ஒளித்துவைத்திருந்த பீடிக்கட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேப்பங்குச்சியைக் கட்டி வைத்தேன். ஒரு வாரம் கழித்து, "திருட்டு வூடு" என்று மட்டும் சொன்னார். காலையும் சாயங்காலமும் சாவியைப் போட்டு மெதுவாகத் திறப்பேன். அந்தக் காற்று மூக்குக்குள் போனதும் அவர் நெற்றிச் சுருக்கம் அவிழும். அதைப் பார்க்கவே நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

முதல் சிலிண்டர் தீர இரண்டு மூன்று நாள் இருந்தபோது இரண்டாவதும் வந்து சேர்ந்தது. ஐப்பசி மழை. மலையில் அந்த மாசம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், இரும்பு எல்லாம் வியர்க்கும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய மண்வெட்டியோ கொடுவாளோ, எண்ணெய் தடவித்தான் வைத்துக்கொள்ளணும், எண்ணெய் தடவித்தான் திருப்பிக் கொடுக்கணும். வறண்ட இரும்பைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு அந்த வீட்டில் மறுபடி ஒரு ஊசிகூடக் கிடைக்காது. நெருப்பு கூடாது என்றதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. எண்ணெய் கூடாது என்றது, பெயிண்ட் கெட்டுப்போகும் என்கிற கீழ்நாட்டுக்காரர் கவலை என்றுதான் நினைத்தேன். பெயிண்ட் போனால் போகட்டும், நம்பிக் கொடுத்த மனுஷனின் இரும்பு துருப்பிடிக்கலாமா? புதிய சிலிண்டருக்குத் தலையிலிருந்து கால்வரை விளக்கெண்ணெய் தேய்த்தேன். மினுமினு என்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

மறுநாளே நீங்கள் வந்து நின்றீர்கள். தலையில் கோணிப்பை, முழங்கால்வரை சேறு, காலில் அட்டை கடித்த ரத்தம். பின்னால் அதே நாலு ஆட்கள், இன்னொரு சிலிண்டரோடு.

"தங்கச்சி, புதுசா வந்தத தெறந்தியா?"

"இன்னாண்ணா, வந்ததும் வராததுமா. தண்ணி குடிங்க மொதல்ல."

"தண்ணி இருக்கட்டும். அது காலி. நெறைஞ்சது கடையிலேயே நின்னுபோச்சு, இப்பதான் கொண்டாறேன். அனுப்பறதுக்கு முன்னாடி தெறந்து புஸ்ஸுனு வருதான்னு பாப்பேன். பஸ்ஸு கெளம்புதுன்னு அவசரத்துல பாக்கல. தப்பு என்னுது."

தூக்கிவந்தவர்களில் ஒருவர் தோளைத் தேய்த்துக்கொண்டே, "காலியவா நேத்துத் தூக்கியாந்தோம்? எங்க வூட்லகூட நாலு காலிப்பானை கெடக்குது, அதையும் மலைமேல ஏத்தட்டுமா?" என்றார். வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டீர்கள். பிறகு மூலைக்குப் போய் அந்தக் காலி சிலிண்டரின் தோளில் கையை வைத்தீர்கள். கை வழுக்கியது. முகர்ந்து பார்த்தீர்கள்.

"இது இன்னா?"

"விளக்கெண்ணெங்க. இரவல் இரும்பாச்சே. துரு புடிச்சா உங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" பெருமையாகத்தான் சொன்னேன்.

நீங்கள் சாமை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். "தலையிலயுமா?"

"தலையிலதான் மொதல்ல வெச்சேன். தலைக்கு வெக்காம ஒடம்புக்கு யாராவது வெப்பாங்களா?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. மெல்லத் திரும்பி, எங்கள் வீட்டுக்காரர் மூக்குக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்த பழைய சிலிண்டரைப் பார்த்தீர்கள்.

"ஓடறதுக்கும் வெச்சியா?"

அண்ணா, 'இல்ல' என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. காலையில் சாவி போடும் இடம் இறுகிக் கிடந்தது என்று ஒரு சொட்டு விட்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை. ஆமாம் என்றால், இவளிடம் கொடுத்தது தப்பு என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்களோ என்று பயம். அவர் மூச்சு அந்தக் குழாயில் தொங்குகிறது. ஆனால் நீங்கள் இப்போதுதான், பத்துப் பேர் முன்னால், யாரும் கேட்காமல், தப்பு என்னுது என்றீர்கள். வேறு சிலிண்டர் கொண்டுவந்தேன் என்று சொல்லி மாற்றிவிட்டுப் போயிருந்தால் எங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?

"சாவி போடற எடத்துல. ஒரு சொட்டு" என்றேன்.

நீங்கள் திட்டவில்லை. "எல்லாரும் வெளிய போங்க" என்று மட்டும் சொன்னீர்கள். பையிலிருந்து சோப்பை எடுத்து முழங்கைவரை இரண்டு தடவை கழுவினீர்கள். குழாயை அவர் மூக்கிலிருந்து எடுத்து, உள்ளே தனியாகப் போய் வால்வை மூடினீர்கள். அவரை வாசல் கம்பத்தில் சாய்த்து உட்காரவைத்தோம். புதிய சிலிண்டரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, நீங்கள் கையோடு கொண்டுவந்த வேறு மீட்டரையும் வேறு குழாயையும் மாட்டுகிறவரை அவர் சொந்த மூச்சில் இருக்கணும். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கிற்று. நான் எண்ணினேன். இருபதுவரை எண்ணினேன். அதற்குமேலும் எனக்கு எண்ணத் தெரியும், எண்ண முடியவில்லை.

புஸ்ஸென்று சத்தம் வந்தது. குழாய் மூக்குக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து நெற்றி அவிழ்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து சொன்ன முதல் பேச்சு: "எனக்கு எண்ணெயில வறுத்த கருவாடு ஒரு மாசமா கெடையாது. சிலிண்டருக்கு மட்டும் எண்ணெ முழுக்கா?"

அன்றைக்குத்தான் உங்கள் பல்லை நான் பார்த்தேன்.

பிறகு விளக்கினீர்கள். "தீக்குச்சியே வேணாம் தங்கச்சி. இந்தக் காத்து அழுத்தமா வர்ற எடத்துல எண்ணெ இருந்தா தானா புடிச்சிக்கும். வூடு, அவரு, நீ..." அதோடு நிறுத்திவிட்டீர்கள். "கூடாதுன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல. அதுவும் என் தப்புதான்."

"ரெண்டு தப்பையும் நீங்களே எடுத்துகிட்டா எனக்கு இன்னா மிச்சம்? ஒண்ண இங்க வெச்சிட்டுப் போங்க" என்றேன். நீங்கள் நிறைந்ததையே அனுப்பியிருந்தால், எண்ணெய்த் தலையோடு நான் அதை இரண்டு நாளில் திறந்திருப்பேன். உங்கள் தப்பு உங்களை மலை ஏறவைத்தது. நீங்கள் ஏறியதால் என் தப்பு பிடிபட்டது. சாமி இப்படியும் கணக்குப் போடுமா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

எண்ணெய்ச் சொட்டு பட்டதைக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, என் கையில் அந்த சோப்பைக் கொடுத்தீர்கள். "காலி சிலிண்டர நல்லா சோப்பு போட்டுக் கழுவி நாளைக்கு அனுப்பு. தலைய மட்டும் தொடாத, அத கம்பெனிக்காரங்க பாத்துப்பாங்க." அதற்குப் பிறகும் என்னை நம்பினீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். அடுத்த சிலிண்டரும் அனுப்பினீர்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும், "ஏன்னு சொல்லு" என்று தூக்குகிறவர் மூலம் கேள்வி கேட்டு அனுப்பி, பதிலையும் கேட்டு வாங்கினீர்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் புளி விற்க வேலூர் வந்தவள் உங்கள் கடைப்பக்கம் வந்தேன். கலசப்பாக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவுக்கு சிலிண்டர் கேட்டு நின்றிருந்தார். என்னை நீங்கள் பார்க்கவில்லை. அவர் எதிரிலேயே வால்வைத் திறந்து புஸ்ஸென்று காட்டிவிட்டு, "மொதல்ல என் தப்ப சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தீர்கள். காலி சிலிண்டரை மலைக்கு அனுப்பியது, நாலு பேர் தோள் போனது, எல்லாம் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் என் கதை. "மலையில ஒரு பொம்பள, சிலிண்டருக்குத் தலைக்கு எண்ணெ வெச்சு, பொட்டு வெச்சு, சீயக்கா போட்டு..."

"சீயக்காலாம் போடலங்க, பொய்ய கலக்காதீங்க" என்றேன் பின்னாலிருந்து.

கலசப்பாக்கத்துக்காரர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொம்பள நான்தாங்க. ஆனா கேட்டுக்கங்க, இவரு சொல்றதுல மீதியெல்லாம் நெசம்" என்றேன். நீங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "கத கொஞ்சம் வாசனையா இருக்கட்டுமேன்னு சொன்னேன் தங்கச்சி" என்றீர்கள். ஒரு மாதிரி சிரித்தீர்கள்.

இனி அந்தக் கடையில் அந்தக் கதையை யார் சொல்வார்கள் என்று தெரியவில்லை. இங்கே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தப்பு முதலில், என் தப்பு பிறகு. அப்படிச் சொன்னால்தான் கேட்கிறவர்கள் தங்கள் தப்பையும் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. உங்களிடமே நேரில் சொல்லியிருக்கணும். நாளை நாளை என்று தள்ளிவிட்டேன்.

மொதல்ல என் தப்ப சொல்லிடறேன் அண்ணா. அந்த சோப்பு ரோஜாப்பூ நிறம். அப்படி ஒரு வாசனை சோப்பு எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. அதைப் போய் இரும்புக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. பெட்டியில் புடவைக்கு நடுவில் வைத்துவிட்டு, சிலிண்டரைச் சீயக்காய்தான் போட்டுக் கழுவி அனுப்பினேன். நீங்கள் சொன்னது நிஜம். கடையில் நின்று பொய் சொன்னது நான். சிலிண்டர் வந்து இறங்கிய அன்றைக்கே முகர்ந்து பார்த்திருப்பீர்கள். தெரிந்தும் கலசப்பாக்கத்துக்காரர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சோப்பு இன்னும் பாதி இருக்கிறது. புடவையெல்லாம் அன்றைக்கு நீங்கள் கை கழுவிய அந்த வாசனைதான்.

இதோ, களத்திலிருந்து மறுபடி சத்தம். "எண்ணெ வுடச் சொல்லி எவ்ளோ நேரமாச்சு, எழுதறாளாம் எழுத்து, கலெக்டரு ஆபீசுக்கா எழுதற, கப்பி கத்தறது காதுல வுழலயாடி!" இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நடுவில் ஒரு இழுப்புக்கூட இல்லை. நீங்கள் ஏற்றிவிட்ட மூச்சு அண்ணா, அதனால் திட்டில் பாதி உங்களுக்கு.

பாட்டிலைத் திறந்தே வைத்திருக்கிறேன். கப்பிக்குப் போடலாம் இல்லீங்களா?