வாயு என்று எழுதிய வியாழக்கிழமை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் சின்னவளும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவாய். ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள், பயப்படாதே. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், அடைப்புக்குறிக்குள் ஏதாவது வந்தால் அது அவள் வாய், என் வாய் இல்லை. (அண்ணா, அம்மா எப்போதும் கட்டுப்பாடானவள், இப்போது கட்டும் பாடுமாக இருக்கிறாள்.)

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது ஒரு நீள நோட்டு கிடைத்தது. மேலே கோணல் எழுத்தில் 'வீட்டு அவசரப் பிரிவு' என்று இருந்தது. தொற்று வந்த அந்த வருஷம் சின்னவள் வைத்திருந்த பதிவேடு, ஞாபகம் இருக்கிறதா? நான் அவசரப் பிரிவில் வேலை முடித்து வந்து குளித்துவிட்டு முன்னறையில் தனியாகக் கிடப்பேன், நீ ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டு நாலடி பின்னால் போய், புலிக்குச் சாப்பாடு வெச்சாச்சு, புலி வரலாம் என்று கத்துவாய், உள்ளே இருந்து நான் உறுமுவேன். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்தபோது நம் வீட்டில் மட்டும் கதவுக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு. அந்த முதல் மாதங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது, அப்படி நினைப்பது பாவம் என்று தெரிந்தும். நோட்டின் முதல் பக்கமே, நோயாளி: அண்ணன், வந்த காரணம்: தங்கையை அடிக்க ஓடி வந்து வழுக்கியது, சிகிச்சை: இன்னும் இரண்டு அடி. (சிகிச்சை பலித்தது.)

என் பதிவேட்டைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வருகிறவர்களின் பெயர், வயது, வந்த காரணம் எழுதுவது என் வேலை. அந்த வருஷம் மனநல டாக்டரம்மா என் மேசைக்கு வந்து ஒரு பச்சைப் பேனாவைக் கொடுத்தார். நெஞ்சு புடிக்குது, மூச்சு முட்டுதுன்னு ஓடி வர்றாங்க, சோதிச்சுப் பார்த்தா உடம்புல ஒண்ணுமில்ல, அவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு கோடு போட்டுடுங்கம்மா என்றார். திங்கள்தோறும் கோடுகளை எண்ணுவார். முதல் மாதம் வாராவாரம் கோடு குறைந்தது, நான் சந்தோஷப்பட்டேன். குறைஞ்சது வர்றவங்கதாம்மா, வலி குறையல, ஆஸ்பத்திரிக்கு வரவே பயப்படுறாங்க, பயம் தெளிஞ்சதும் ஏறும் பாருங்க என்றார். அவர் சொன்னபடியே நாலாவது மாதத்திலிருந்து ஏறியது, பெரும்பாலும் உன் வயசுப் பிள்ளைகள். பச்சைக் கோடு விழுந்த ஒவ்வொருவரையும் அடுத்த வாரம் அவரே போனில் கூப்பிட்டு, தூங்குறியாப்பா, சாப்பிடுறியாப்பா என்று கேட்பார்.

ஆறாவது மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் உன்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். நெஞ்சில் கை, சட்டையெல்லாம் வியர்வை. இரண்டு மணி நேரம் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயம் இரும்பு மாதிரி இருக்கு என்றார்கள். பதிவேட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன். நானூறு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடு போட்ட கை, உன் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டது. நாளைக்கு யாராவது பார்த்து, அந்தம்மா பையனுக்கு மனசு சரியில்லையாம் என்று பேசினால்? காரணம்: வாயு என்று எழுதி, பச்சைப் பேனாவை மூடி வைத்தேன். உன்னிடமும், வாயுதான்டா, வெந்நீர் குடிச்சாச் சரியாயிடும் என்றேன். அத்தனை வீட்டிலும் அந்தப் போன் அடித்தது, நம் வீட்டில் அடிக்கவில்லை.

இப்போது சின்னவளின் நோட்டைப் புரட்டினால் அந்த வியாழனுக்கு முந்தைய பக்கங்கள். திங்கள், அண்ணன் ஒரே ஒரு மொக்கை ஜோக். புதன், ஜோக் இல்லை, தட்டில் பாதி மீதி. அடுத்த செவ்வாய், தலையில் தண்ணீர் ஊற்றினேன், அடிக்க வரவில்லை, நோயாளி நிலை கவலைக்கிடம். ஊர் முழுக்கக் கணக்கெடுத்தவள் நான், என் வீட்டுக் கணக்கைப் பன்னிரண்டு வயசுக் குட்டி எடுத்திருக்கிறது. (கிண்டலுக்குத்தான் எழுதினேன் அண்ணா. சத்தியமாகப் புரியவில்லை.)

போன மாதம் போனில் நீ, நெஞ்சுல கொஞ்சம் வாயும்மா, வேற ஒண்ணுமில்ல என்றாய். அந்த வார்த்தை நான் கொடுத்தது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அது வாயு இல்லை கண்ணா, அன்றைக்கும் இல்லை. திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பதிவேட்டைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். அத விடுங்க, பையன என்கிட்ட பேசச் சொல்லுங்க, இல்லேன்னா அங்கயே ஒருத்தரப் பார்க்கட்டும் என்றார். அவர் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ பேசினாயா என்று அவரிடம் கேட்க மாட்டேன், கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலையில் நாலு பேர் பங்கை நீ ஒருவனே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு, நிறைந்த தூக்கத்தோடு. மறக்காதே, நெஞ்சு பிடிக்கிற நேரத்தில் எந்த மணியானாலும் கூப்பிடு. அம்மா எதையும் எழுதிக்கொள்ள மாட்டேன், காரணம் கேட்க மாட்டேன், நீ பேசுகிறவரை காதை மட்டும் வைத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

(எழுதியவள் தங்கை. இந்த இடத்துக்கென்று நல்ல ஜோக் ஒன்று வைத்திருந்தேன். முதலில் டாக்டரம்மாவிடம் பேசு, அப்புறம் சொல்கிறேன்.)