சஹனுக்கு முன் ஒரு சிகரெட்

வாப்பா,

ராத்தாவைக் கட்டிய மச்சான் இப்போதுதான் என் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒன்றைப் பற்ற வைத்தார். புகை திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. முன்பு இது நீங்கள் உடுத்த சாறனின் மணம். இப்போது குமட்டுகிறது. இருமல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்கிறேன், உம்மாவுக்குக் கேட்கக் கூடாது. விஞ்ஞானக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதுகிறேன். விடிவதற்குள் கிழித்துவிட வேண்டும்.

பள்ளிப் பையில், புத்தகங்களுக்கு அடியில், கிளினிக் நர்ஸ் மிஸ் தந்த சிறிய குப்பி இருக்கிறது. சளி எடுப்பதற்கு. எனக்கு மூன்று வாரமாக இருமல்.

அந்தக் கிளினிக்குக்கு நீங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்கள். வழியில் யார் கேட்டாலும், "புள்ளைக்கு இழுப்பு. மருந்தெடுக்கப் போறம்" என்பீர்கள். ஒருநாள் பஸ்ஸில் நான் கோபித்துக்கொண்டேன்.

"உனக்கு வருத்தமெண்டா இரக்கப்படுவானுகள் புள்ள. எனக்குச் சயரோகமெண்டா ஓடிருவானுகள்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சயரோகம் வந்தவர்கள் புகைப்பதை எப்படி விடுகிறார்கள் என்று ஆய்வு நடக்கிறதாம். மிஸ் அதற்காக ஒரு கேள்வித்தாளை நிரப்பினார். நீங்கள் சிகரெட்டை விட்டு இரண்டு மாதமாகியிருந்தது.

"ஆரும் உங்கள ஒதுக்கினாங்களா காக்கா?"

"ஆருக்கும் தெரியாதே மிஸ்."

"சிகரெட்ட விடுறது கஷ்டமா இருந்திச்சா?"

"விடுறது லேசு மிஸ். ஏன் விட்டயெண்டு கேக்கிறவனுக்குப் பதில் சொல்றதுதான் கஷ்டம்."

மிஸ் சிரித்தார். ஆனால் எழுதவில்லை. ஒதுக்குவது பற்றிய கேள்விகள் ஒரு பக்கத்திலும் புகைப்பது பற்றியவை வேறொரு பக்கத்திலும் இருந்தன. நீங்கள் சொன்னதை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

நீங்கள் சொன்னது உண்மை. கடற்கரை வாடியில் உங்களோடு வலை இழுத்தவர்கள் முதலில் பகிடி பண்ணினார்கள். "என்ன காக்கா, மௌலவியாகப் போறீங்களா?" பிறகு பகிடி நின்றது. "ஒருத்தன் சும்மா விடுவானா? நெஞ்சுக்க என்னவும் இரிக்கி." இருமிக்கொண்டே புகைக்கிறவனை யாரும் சந்தேகிப்பதில்லை. இருமல் வந்து புகையை விட்டவனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். குணமாவதற்கு நீங்கள் செய்த நல்ல காரியமே உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்தக் கதை ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீடுவரை போனது. கல்யாணத்துக்கு முதல்நாள் உம்மா உங்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒண்டே ஒண்டு. அவங்கட கண்ணுக்கு முன்னால. மறுகா தொடத் தேவல்ல."

உங்கள் சிகரெட்டுகளை எத்தனையோ தடவை கக்கூசுக்குள் போட்ட அதே உம்மா.

கல்யாணத்தன்று ஆண்கள் பக்கம் உம்மா போக முடியாது. அதனால் சிறுபிள்ளைதானே என்று சிகரெட் பெட்டியை என் கையில் தந்து அனுப்பினார். நான் கொண்டுவந்து தந்தேன், வாப்பா. நீங்கள் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள்.

"பத்த வைங்க காக்கா, கல்யாண வீடுதானே" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

பற்ற வைத்தீர்கள். இருமலை அடக்கிக்கொண்டு நின்றதில் கண்ணால் தண்ணீர் வழிந்தது.

"மகளக் குடுக்கிற கவல போல" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பெரிய தட்டில் சோறு குவித்த சஹன் வந்தது. ஐந்து பேர் உங்களைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைத்தார்கள். திரைக்குப் பின்னால் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன்.

ஒரு சஹனில் சாப்பிடுவதால் சயரோகம் தொற்றாது, மருந்தை ஒழுங்காகக் குடிப்பவரிடமிருந்து யாருக்கும் வராது என்று மிஸ் சொல்லித்தானே இருந்தார். சோறு யாரையும் ஒன்றும் செய்திருக்காது. அந்தப் புகைதான் செய்தது.

ஒன்று ஒன்றோடு நிற்கவில்லை. வாயில் மணக்கும், மிஸ்ஸின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கிளினிக்கை விட்டீர்கள். மருந்துக் குளிசைகள் அலுமாரியில் கிடந்தன. நோன்புக்கு முன்பே நீங்கள் மௌத்தானீர்கள். மாரடைப்பு என்று உம்மா ஊருக்குச் சொன்னார். உங்கள் ஜனாஸாவைச் சுமந்து வந்தவர்கள் பள்ளிவாசல் மதிலோரம் ஒதுங்கிப் புகைத்தார்கள் என்று மச்சானே வந்து சொன்னார். அவர் கையிலும் அதே நாற்றம். அவர்களை நினைத்தாலும் அருவருப்பு, உம்மாவை நினைத்தாலும் அருவருப்பு. பெட்டியைப் பிடித்த என் கையை எத்தனை தடவை சவர்க்காரம் போட்டும் கழுவி முடியவில்லை.

என் இருமலுக்கு உம்மா வைத்த பெயர் தடிமல். "சத்தமா இருமாத புள்ள. ராத்தா வயித்துப் புள்ளயோட இரிக்காள். மச்சான் வீட்ட விட்டுப் போனா என்ன செய்ய?" இன்று டியூசன் விட்டதும் நானாகவே கிளினிக்குக்குப் போனேன். மிஸ் என்னை அடையாளம் கண்டார். குப்பியைத் தந்து, "நாளைக்கு விடிய எழும்பினவுடன எடுக்கணும். எச்சில் இல்ல, நெஞ்சில இருந்து வாற சளி. நீ வராட்டி நான் உங்கட வீட்டுக்கு வருவன்" என்றார். அவர் வந்தால் தெரு முழுக்கத் தெரியும். நான் போனால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும். இரண்டும் பயம்தான். ஆனால் அலுமாரியில் கிடக்கும் உங்கள் குளிசைகளை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. ராத்தாவும் இந்த வீட்டுக் காற்றைத்தான் சுவாசிக்கிறாள்.

உம்மா சுபஹு தொழுகிற நேரத்தில் கிணற்றடிக்குப் போவேன். தலையணை இல்லாமல் இருமுவேன்.

இந்தத் தாளைக் கிழிக்கத்தான் போகிறேன், அடுப்பில் போடுவதற்கு அல்ல. மடித்து மிஸ்ஸின் கையில் கொடுப்பேன். அவருடைய தாளில் இடமில்லாமல் போனது இதில் இருக்கிறது.

வழியில் யாராவது மறித்துக் கேட்டால், "புள்ளைக்கு இழுப்பு" என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை. நானும் அப்படிச் சொல்லப் போவதில்லை, வாப்பா.