இருபது கிலோ என்று படித்துச் சொன்னதால் வந்த பழி

அனுப்புநர்:
வெளுப்புக் கூடத்தில் மூச்சுத் திணறி விழுந்த தொழிலாளியின் அண்ணி,
இல்லத்தரசி,
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
தொழிலாளர் நல மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
அரசு அலுவலகக் கட்டடம்.

பொருள்: என் நாத்தனாரின் விபத்தைச் "சொந்தக் கவனக்குறைவு" என்று முடித்த விசாரணையை மீண்டும் நடத்தவும், இரசாயனக் கேன்களில் தமிழிலும் எழுதச் செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இறைவன் தங்களுக்கு நல்ல உடல்நலம் தருவாராக. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டுகிறேன்.

1. என் கணவரின் தங்கை, ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் கூடத்தில் வேலை செய்தவர். அங்கே இரண்டு வகைக் கேன்கள் உண்டு. நீல மூடி போட்டது வெளுப்பு மருந்து. வெள்ளை மூடி போட்டது, இயந்திரத்தில் படியும் உப்பை அரித்தெடுக்கும் அமிலம். மற்றபடி இரண்டும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். நீலத்துக்கு மாப்பிள்ளை, வெள்ளைக்கு மாமியார் என்று பட்டப்பெயர். "தொட்டிக்கு மாப்பிள்ளையைக் கூப்பிடு, மாமியாரைச் சீண்டாதே" என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் நடத்திய மொத்தப் பாடமும். அதை வைத்தே பல வருடம் ஒரு தவறும் இல்லாமல் வேலை நடந்தது.

2. சென்ற மாதம் வந்த சரக்கில் அமிலக் கேனுக்கும் நீல மூடி. கேன் இறக்குபவரை நானே வாசலில் நிறுத்திக் கேட்டேன். "வெள்ளை மூடி தீந்துபோச்சும்மா, கையில கெடச்சதைப் போட்டு அனுப்பிட்டாங்க" என்றார். பெயர் ஒட்டியிருந்தது உண்மைதான், ஆங்கிலத்தில். ஆபத்துப் படமும் இருந்தது. அதே படம் வெளுப்பு மருந்திலும் இருக்கிறது. வெளுப்பு மருந்து கலந்திருந்த தொட்டியில், இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று நாத்தனார் அந்த அமிலக் கேனைத் திறந்து ஊற்றியிருக்கிறார். மஞ்சளாகப் புகை கிளம்பியது. "ஓடுங்கடி!" என்று மற்றப் பெண்களை விரட்டிவிட்டுக் கடைசியாக வெளியே வந்து வாசற்படியில் விழுந்தார்.

3. தங்கள் துறையின் விசாரணையாளர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கேனைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "இருபது கிலோ சார். விலை இங்க போட்டிருக்கு. போன தடவைக்கு இப்ப ஏத்திட்டாங்க" என்று விரலை வைத்துக் காட்டினார் நாத்தனார். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்பினார், பாவம். "ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர், பெயரைப் பார்க்காதது அவரது கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதனால் இழப்பீடும் இல்லை, வைத்தியச் செலவும் இல்லை.

4. ஐயா, எங்களுக்கு ஆங்கிலம் வந்தது கடைத்தெரு வழியாக. கிலோ, நெட் வெயிட், ரேட், டிஸ்கவுண்ட், டோட்டல் இதெல்லாம் தெரியாவிட்டால் அன்றாடம் ஏமாறுவோம், அதனால் கற்றுக்கொண்டோம். வீட்டுக் கணக்கு எழுதும் எனக்கும் சர்க்கரைப் பாக்கெட்டும் சோப்பு உறையும்தான் பாடப்புத்தகம். கேன்களில் போட்டிருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட், ஹைட்ரஜன் குளோரைடு என்ற பெயர்களை எந்தக் கடைக்காரர் எங்களிடம் பேசினார்? இந்த மனுவுக்காக மருந்துக்கடையில் எழுதி வாங்கிவந்தேன், இன்னமும் எனக்கு வாயில் நுழையவில்லை. எடையைப் படித்தவருக்கு உள்ளே இருப்பதும் தெரியும் என்பது நியாயமா?

5. முதலாளி மீது எனக்குக் கோபம் இல்லை. ஆம்புலன்சில் கூடவே வந்தவர் அவர். இப்போது போய்க் கேட்டால், "நான் என்னம்மா பண்ணட்டும், கவர்மெண்டே எழுதிடுச்சே" என்கிறார்.

6. அந்த முடிவை என் மகள் வாசித்துக் காட்டிய நாளிலிருந்து நாத்தனாரும் அதையே சொல்கிறார். "எழுதித்தான் இருந்திருக்கு அண்ணி, நான்தான் பாக்கல." எங்கள் வீட்டுப் பிரார்த்தனையில் அவர் குரல்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும். இப்போது மூச்சுப் போதாமல் உதடு மட்டும் அசைகிறது. என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கிறாராம். செய்யாத குற்றத்துக்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பவரை நான் என்ன சொல்லித் தேற்றுவது?

ஆகவே, "கவனக்குறைவு" என்ற சொல்லை நீக்கி, வைத்தியச் செலவும் இழப்பீடும் கிடைக்க ஆணையிட வேண்டும். கேன்களில் "வெளுப்பு மருந்து" என்றும், "அமிலம், வெளுப்பு மருந்தோடு சேர்க்காதே" என்றும் சாதாரணத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

தாங்கள் அழைத்தால் நாத்தனாரைக் கூட்டி வருகிறேன். தங்கள் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. அவரால் இப்போது படி ஏற முடியாது. அருள்கூர்ந்து தாங்கள் கீழே இறங்கி வந்து, "உங்க மேல தப்பில்லம்மா" என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். அரசாங்கம் சொன்னால் நம்புவார்.

தங்கள் நல்ல முடிவுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
அண்ணி

நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி
இடம்: மேற்படி முகவரி