உன் கிட்டாரை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்

மாப்ள,

இன்று காலை பீரோவுக்கு மேலே தூசி துடைக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். சுற்றிலும் தூசி படிந்திருக்க, நடுவில் மட்டும் நீளமாக ஓர் இடம் சுத்தமாகக் கிடந்தது. ஏழு வருஷமாக உன் கிட்டார்ப் பெட்டி இருந்த இடம். துடைக்க மனம் வராமல் அப்படியே நின்றேன். வருத்தத்தில் இல்லை. எனக்கு ஒரு சந்தோஷம், அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

அந்தக் கிட்டார் உன் கைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் நிலத்தில் மிளகாய் நன்றாக விளைந்த வருஷம். "என்ன வேணும், கேளுலே" என்றார் உன் அப்பா. உன் வயசுக்காரர்கள் பைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். நீயோ, மதுரையில் ஒரு பெரியவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு யாருக்காவது கொடுத்துவிட நினைத்த பழைய கிட்டாரைக் கேட்டாய். அதற்கு அப்போதே முப்பது வயசிருக்கும். கல்கத்தாவில் செய்தது, முன்பலகை தேன் நிறத்துக்கு வந்திருந்தது. நாம் மூன்று பேரும் போய் வாங்கி வந்தோம். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைக் கூரையில் போடச் சொன்னார். அதுவரை வாயே திறக்காமல் வந்த உன் அப்பா, "கைப்பிள்ளைய மேலயா போடுவீக?" என்று கேட்டுவிட்டு, அருப்புக்கோட்டை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு பதினைந்து வருஷம் கல்யாண வீடுகளும் பள்ளி விழாக்களும் நம் மெல்லிசைக் குழுவுக்குச் சோறு போட்டன. நீ முன்னால் நின்று வாசித்தாய். நான் பக்கத்தில் பேஸ் கிட்டாரோடு நின்றேன். பாலவனத்தத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையே மேடையை விட்டு இறங்கி உன் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ள, பெண் வீட்டார் கோபித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிறகு குழு கலைந்தது. நான் நூல் கடையில் உட்கார்ந்தேன். நீ திருச்சுழிப் பக்கம் உன் நிலத்துக்கே போனாய். நான் வாசிப்பதை விட்டேன். நீ கடைசிவரை விடவில்லை.

நோய் முற்றிய பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாய். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுக்கச் சொன்னாய். "மாப்ள, இது உங்கிட்ட இருக்கட்டும்லே" என்றாய். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நான் என் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டேன். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாய் என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்குப் பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். வீட்டில் யாரையும் தொட விட்டதில்லை.

என் மகள் தாரணியை நீ ஒன்பது வயசில் பார்த்தாய். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வருஷம் ஒரு சின்ன கிட்டாரை வாங்கிக்கொண்டு, செல்போனைப் பார்த்துத் தானாகவே பழகினாள். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. நான் ஒரு காலத்தில் வாசித்தவன் என்பதையே அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷம் பள்ளிகளுக்கான போட்டியில் அருப்புக்கோட்டையில் ஜெயித்து, விருதுநகரில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். ஆனால் அவளுடைய கிட்டாரில் முறுக்காணி நிற்கவில்லை. பாதி வாசிப்பிலேயே கம்பி தளர்ந்துவிடும்.

"பீரோ மேல இருக்கறத தருவீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"அது மாமாவோடது. அதத் தொடக் கூடாது" என்றேன்.

சரி என்று போய்விட்டாள். மறுபடி கேட்கவே இல்லை. நான்கு நாள் கழித்து என் மனைவிதான் சொன்னாள்: "ரெண்டாவது தடவ கேக்காத பிள்ளையப் பாத்தா எனக்கு என்னமோ பண்ணுதுங்க. அடம் பிடிச்சாக்கூடப் பரவாயில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்கித் திறந்தேன். கம்பியெல்லாம் துரு. கம்பிகளைத் தாங்கும் கட்டை பசை விட்டு எழும்பி நின்றது. கழுத்து லேசாக வளைந்திருந்தது. நம் ஊர் வெயிலில், காங்கிரீட் கூரைக்குக் கீழே, ஏழு கோடை. பூஜை செய்தேனே தவிர, ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. உன் முகத்தை நேரில் பார்த்தது போல வெட்கமாக இருந்தது.

இனி நான் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை என்று பட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பிள்ளை, மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தது. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வீணாக்கிவிட்டேன் என்றேன். மகள் கேட்கிறாள், கொடுக்கலாமா என்று தெரியவில்லை என்றேன்.

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தது. "ஏண்ணே, வச்சுப் பூட்டுறதுக்கா அவுக உங்ககிட்ட குடுத்தாக? பீரோ எங்க வீட்லயுந்தான் இருக்கு."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க வீட்ல யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நீங்க மறுபடி வாசிப்பீகன்னு அவுக நெனச்சாக. நீங்க வாசிக்கல. பிள்ளையாவது வாசிக்கட்டும். போட்டி என்னைக்கு? நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி களை எடுக்கக் குனிந்துவிட்டது.

மறுநாளே தாரணியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு, வாத்தியம் பழுது பார்க்கிறவரிடம் போனேன். அவர் கிட்டாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வாரத்துல சரி பண்ணிரலாம். நல்ல பலகை. யாரோடது சார் இது?"

உன் பெயர்தான் வாய் வரைக்கும் வந்தது. "இவளோடது" என்றேன். தாரணி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து, விழித்துக்கொண்டே வந்தாள்.

போட்டிக்கு நீ வாசிக்கும் அந்த மெதுவான மெட்டை அவள் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை வாயால் பாடியும் காட்டினேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அது மாமா மெட்டுப்பா. நான் என்னோடத வாசிக்கிறேன்" என்றாள். கொஞ்சம் மனசு சுருங்கியது, மறைக்க மாட்டேன்.

விருதுநகரில் ஒரு பள்ளி அரங்கம். தங்கச்சி காலையிலேயே பஸ் ஏறி வந்து என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தாரணி மேடையேறி, நாற்காலியில் உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் கிட்டாரின் பலகையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். உன் பலகையை! நான் பாதி எழுந்துவிட்டேன். மறுபடி அடித்தாள், விரலால் தட்டினாள், மறுபடி உள்ளங்கை. டக்கு-டட, டக்கு-டட. எங்கள் தெருவில் விடிந்ததும் தொடங்குகிற விசைத்தறிச் சத்தம் மாப்ள! அதற்கு மேலே கம்பிகளில் ஒரு மெட்டு மெல்ல ஏறி வந்தது. எங்கும் கேட்டறியாத மெட்டு. அரங்கத்தில் பாதிப்பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். என்ன சத்தம் என்று அவர்களுக்குப் புரிந்த கணத்தில், யாரும் சொல்லாமலே கைத்தட்டல் அந்தத் தாளத்தில் சேர்ந்துகொண்டது. கடைசி வரிசை வரைக்கும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பழைய பலகை அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு கணீரென்று பேசியது. உன் கையில்கூட நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. இதைச் சொன்னால் நீ கோபிக்க மாட்டாய்.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தது. "ஏண்ணே, இந்த அடி அடிக்கிறா. அவுக இருந்தா எந்திரிச்சு மேடைக்கே போயிருப்பாக!"

முதல் பரிசு அவளுக்குத்தான். கோப்பையைத் தங்கச்சி மடியில் வைத்துவிட்டு, கிட்டாரைப் பெட்டியில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

எனக்கென்று என்ன மிச்சம் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். நீ எந்தக் கச்சேரியிலும் தனியாகச் சுதி சேர்த்ததில்லை. கம்பியை முறுக்கிவிட்டு என்னைத்தான் பார்ப்பாய். நான் தலையாட்டினால்தான் ஆரம்பிப்பாய். அந்தக் காது மட்டும் என்னிடம் கெடாமல் இருக்கிறது. இப்போதெல்லாம் சாயங்காலம் நான் கீழே கடையில் நூல் கட்டு பிரித்துக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து குரல் வருகிறது.

"அப்பா, சேருதா?"

"ரெண்டாவது கம்பி கொஞ்சம் இறக்கும்மா."

இறக்குகிறாள். நூல் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் கூரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "ம், ஆரம்பி" என்கிறேன்.