பிடியை விட்டால் அடங்கும் பட்டம்

12 பிப்ரவரி 2012, ஞாயிறு

காற்றில் பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓட என் பழைய பட்டமே போதும் என்றிருந்தேன். பிடியை விட்டாலும் இழுத்துக்கொண்டே போகும் முரட்டுச் சாமான் அது. இன்று மச்சினன் ரவி தன் புதுப் பட்டத்தை வலியக் கொடுத்தான்.

நடுவில் காற்று ஏறி, பாறைப் பக்கம் இழுத்தது. சுனாமியன்று தென்னையைக் கட்டிக்கொண்டது போலப் பிடியை நெஞ்சோடு இறுக்கினேன். இறுக்க இறுக்க வேகம் கூடியது.

படகிலிருந்து ரவி பாதி இந்தியில் கத்தினான்: "சோட் தோ மாமா! கைய விடுங்க, அது தானா அடங்கிடும்!"

விட்டேன். பட்டம் துவண்டு தண்ணீரில் உட்கார்ந்தது. பாறை பத்தடியில் இருந்தது.

சாப்பாட்டில் என் மீனையும் ரவியின் தட்டில் வைத்தேன். இந்தக் கைகளுக்கு விடவும் தெரியும் என்பது சுனாமிக்கு ஏழு வருஷம் கழித்து இன்றுதான் தெரிந்தது.