ஆனி முடிவதற்குள் போட்ட பூஜை

ஜூலை 8, செவ்வாய்

கார் வந்துவிட்டதாம். ஷோரூமிலிருந்து ஹரிஷங்கர் போன் செய்தான். நாங்கள் கேட்ட அதே வெள்ளை, கியர் போடத் தேவையில்லாத வண்டி. ஆனால் பதிவு எண் வர இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்கிறான். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எவன் புது வண்டி எடுப்பான்?

இவருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிரேக், ஆக்சிலேட்டர் என்று தரையை மிதித்துப் பழகுகிறார். தபால் ஆபீசில் இருந்த காலமெல்லாம் சைக்கிள்தான். ரிட்டயர் ஆன பிறகுதான் லைசன்ஸ் வாங்கினார். ஆவணியில் மாதங்கிக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் திண்டுக்கல்லில் இருந்து அவளைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும். "எம்புள்ளைய நானே ஓட்டிக் கூட்டியாருவேன்" என்று பசுமலை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், பால்காரரிடம்கூட.

ஜூலை 9, புதன்

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை ஷோரூம் வாசலிலேயே பூஜையை முடித்துவிடுவது, நம்பர் வந்த பிறகு வண்டியை எடுத்துக்கொள்வது. பூஜை போட்டால் ஆனியிலேயே எடுத்த கணக்கு. ஹரிஷங்கர் இழுத்தான், வளாகத்தை விட்டு வண்டி வெளியே போகக் கூடாது என்றான். வெளியே எடுக்கச் சொன்னது யார்? உள்ளேயே நாலடி உருட்டினால் போதும் என்றேன். என்னிடம் பேசி ஜெயிக்க முடியுமா!

ஜூலை 10, வியாழன்

திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போனவர் ஒற்றைக் கால் செருப்போடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் காலைக் குனிந்து பார்க்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். பழத்தின் மேல் ஏற்ற ஷோரூம் டிரைவர் ஓட்டட்டும் என்றான் ஹரிஷங்கர். நான்தான், இவரே எடுக்கட்டும், லைசன்ஸ் இருக்கிறதல்லவா என்றேன். பெருமை. பூஜை போட்ட வண்டி என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

வண்டி நாலடி போனது. நிற்கவில்லை. சீறிக்கொண்டு போய்த் தூணில் மோதியது. முன்பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது, பானெட் மடங்கி, விளக்கு தூள்தூளாகி. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து, உடைந்து கிடந்ததற்கு நடுவே நின்று, "பிரேக்கத்தான் மிதிச்சேன் சாவித்ரி... பிரேக்கத்தான் மிதிச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைப் பையன்கள், குருக்கள், வேறு வண்டி பார்க்க வந்த ஒரு குடும்பம், அத்தனை பேரும் பார்க்கிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"ஒரு எலுமிச்சம்பழத்த நசுக்கத் துப்பில்ல. நீங்க போயி வயித்துப் பிள்ளைக்காரியக் கூட்டியாரப் போறீகளாக்கும்?"

ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமலே வந்தார்.

ஜூலை 14, திங்கள்

ஷோரூமில் சண்டை போட்டுப் பார்த்தேன். என் கைக்கு வராத வண்டி, உங்கள் இடத்தில் நின்ற வண்டி, வேறு கொடுங்கள் என்றேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். இன்சூரன்ஸ் இருக்கிறது, சரிசெய்து புதுசு மாதிரியே தருகிறோம், வேறு வண்டி மட்டும் கேட்காதீர்கள் என்றார். "ஓட்டுனது சார்தானே மேடம்?" பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் அந்த நாற்காலியில் உட்காருவதே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுகிறார். அவருக்குத்தான் ரோஷம் இருக்குமோ? நானாகப் போய் எதற்குப் பேச வேண்டும்?

ஜூலை 20, ஞாயிறு

வீடு துடைக்கும்போது பார்த்தேன். படுக்கையறையில் இருந்து அடுப்படி வரை தரையில் பழுப்புப் பழுப்பாகக் கறை. எறும்பு மருந்தோ என்று நினைத்தேன். பிறகுதான் நாற்றம் வந்தது. இவர் காலைத் தூக்கிப் பார்த்தால் – கடவுளே – வலது உள்ளங்கால் வீங்கிக் கறுத்துச் சீழ் வடிகிறது. என்னங்க இது, வலிக்கலையா என்றேன். அவரும் குனிந்து பார்த்தார். யாரோ ஒருத்தருடைய காலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

ஜூலை 21, திங்கள்

டாக்டரம்மா அந்தக் காலுக்குள் இருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்துக் காட்டினார். நகத்தளவு. கண்ணாடி போல, கூராக. கார் விளக்கு உடைந்த துண்டு. அன்றைக்கு அங்கே வெறுங்காலோடு நின்றாரே, அப்போது ஏறியது. இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்.

ஊசியால் அங்கங்கே தொட்டுக் கேட்டார். தெரிகிறதா? இல்லை. இங்கே? இல்லை. கணுக்கால் வரைக்கும் இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டரம்மா கேட்டதற்கு இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எப்பவும் சாக்ஸ் போட்டாப்புல இருக்கும்மா. வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருக்காது. முந்தின நாள் செருப்பு போனதே தெரியாத கால். நான் சிரித்தேனே. பாவி நான், விழுந்து விழுந்து சிரிச்சேனே!

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இரண்டு விரலை எடுத்தும் சீழ் நிற்கவில்லை. மேலே ஏறுகிறதாம்.

ஆகஸ்ட் 2, சனி

எடுத்துவிட்டார்கள். கணுக்காலோடு. கையெழுத்து நான்தான் போட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

மாதங்கிக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மாசமாக இருக்கிற பிள்ளை அதிர்ந்துவிடக் கூடாதாம். அவள் போன் செய்தால் கலகலவென்று பேசுகிறார். வண்டிக்கு நம்பர் வரத் தாமதம், ஆடி முடியட்டும் என்று வாய் கூசாமல் சொல்கிறார். போனை வைத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இன்று கட்டுப் பிரித்துக் கட்டியபோது நான் ஆரம்பித்தேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்னது தப்புங்க என்றேன்.

"என்ன சொன்ன? வண்டி இடிச்ச சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல."

பொய். கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டால் என்ன இந்த மனுஷனுக்கு? திட்டினால் நான் கொஞ்சம் தூங்குவேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வண்டியை எடுத்து வந்தேன். நான் தனியாக. ஓட்ட ஆக்டிங் டிரைவர் காசிமாயனைக் கூட்டிப் போனேன். ஹரிஷங்கர் மாலை, பழம் எல்லாம் தயாராக வைத்திருந்தான், ஒன்றும் வேண்டாம் தம்பி என்றுவிட்டேன். புதுப் பானெட் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் அதிக வெள்ளை. வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிகிறது.

ஹாரன் அடித்தும் இவர் வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. வண்டி நல்லாருக்குங்க என்றேன். சரி என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. இவர் வரவில்லை. திண்டுக்கல்லில் கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்று சொன்னேன். மாதங்கி மட்டும் நம்பவில்லை. அப்பாவே ஓட்டிட்டு வாரேன்னாரே, ஏம்மா வரல என்று சாப்பிடும்போதும் கேட்டாள், காரில் ஏறும்போதும் கேட்டாள். கொடைரோடு தாண்டும்போது கேட்பதை நிறுத்திவிட்டாள். கை நிறைய வளையலோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் சந்தில் வண்டி திரும்பும்போதே பார்த்துவிட்டேன். வாசலில் நிற்கிறார். சலவை வேட்டி, கக்கத்தில் ஊன்றுகோல். நாங்கள் வரும் நேரத்தைக் காசிமாயனுக்கு போன் செய்து கேட்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையை அசைத்தார். "வா... வா... ரைட்டுல ஒடி. பள்ளம் இருக்கு, மெதுவா. வா, வரட்டும்... போதும்." காசிமாயன் அவர் கையைப் பார்த்தே ஓட்டினான். வண்டி வாசலில் அலுங்காமல் நின்றது.

மாதங்கி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். வேட்டிக்குக் கீழே அவள் கண் போய்விட்டது. அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்ற சத்தம் பாதிதான் வந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அவர் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அவளிடம் வந்துவிட்டார். அவள் தலையில் கை வைத்தார்.

"ஒண்ணுமில்லடா. அழுகாத. வண்டி எங்கயும் தூக்கிப் போடாம வந்துச்சா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இவரும் ஆட்டிக்கொண்டார். நான் ஆரத்தித் தட்டை எடுக்க உள்ளே போனேன்.