தோக்தாவுக்குப் பத்தொன்பது வயது

கோகந்த்,
நவம்பர், ஞாயிறு காலை

அன்பு மகள் முனவ்வருக்கு உன் தந்தை ஸலாம் சொல்லி எழுதுவது. நீயும் மருமகன் தவ்ரோனும் பேத்தி லோலாவும் அந்தக் கடலோர ஊரில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க இறைவனைக் கேட்கிறேன். இங்கே உன் தம்பி இல்ஹோமும் அவன் மனைவியும் நலம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அது பழைய சண்டை, உனக்குத் தெரியும்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், பிறகு லோலா அழுகிறாள், அடுப்பில் ஏதோ பொங்குகிறது, "அப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. தபாலில் போட்டால் என்றைக்கு வந்து சேரும் என்று தபால்காரனுக்கே தெரியாது, ஆகையால் புதன்கிழமை விமானம் ஏறும் மவ்ஜூதாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவள் புருஷன் வேலை பார்க்கும் கொரிய ஊர் உன் ஊருக்குப் பக்கம் என்றாள். கூடவே சீமை மாதுளை ஜாம் ஒரு புட்டியும் காய்ந்த ஆப்ரிகாட் ஒரு பையும் இருக்கும். ஜாமை தவ்ரோன் கையில் எட்டும்படி வைக்காதே, போன தடவை மூன்றே நாளில் முடித்துவிட்டான் என்று நீயே சொன்னாய்.

முற்றத்துத் திராட்சைக் கொடிகளை இறக்கி மண் போட்டு மூடிவிட்டோம், இந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது. மழையில் பின்சுவர் ஒரு பக்கம் சரிந்தது, இல்ஹோம் செங்கல் வைத்துக் கட்டுகிறேன் என்றான், நான் களிமண்தான் வேண்டும் என்றேன், களிமண்ணில்தான் கட்டினோம். பக்கத்து வீட்டு துர்தி புதுப் பல் கட்டிக்கொண்டு வந்து வேலிக்கு மேலே சிரித்துக் காட்டிவிட்டுப் போகிறான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, எழுபத்தெட்டு, ஆனால் அவன் பற்களுக்கு இப்போது இருபது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் தோக்தாவைப் பற்றிச் சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பா, நான் படிச்சுப் பார்த்தேன், வீட்டுப் பூனை பன்னிரண்டு, மிஞ்சினா பதினஞ்சு வருஷம்தான் இருக்குமாம். அதுக்கு மேல அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். டாக்டரை வரச் சொல்லி ஒரு ஊசி போட்டுடுங்க, வலிக்காம போயிடும்" என்றாய். நான் பதில் பேசவில்லை, நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துவிட்டாய். பேசாமல் இருந்தது ஒத்துக்கொண்டதால் அல்ல. முப்பது வருடம் நான் கால்வாய் மதகில் வேலை பார்த்தவன், பள்ளிக்கூடம் ஏழு வகுப்போடு சரி, மற்றதெல்லாம் மதகுக் கொட்டகையில் உட்கார்ந்து நானே படித்தது. அங்கே சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள், அதுதான் சராசரி நீர்மட்டம். அத்தனை வருடத்தில் தண்ணீர் சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றதை நான் பார்த்தது இல்லை, ஒன்று மேலே போகும், இல்லை கீழே கிடக்கும். பிறந்த வாரத்திலேயே வண்டிச் சக்கரத்தில் போன குட்டியையும் அடுப்போரம் இருபது வருடம் தூங்கிய கிழவியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து ஒரு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டுவந்து என் வீட்டுப் பூனையிடம் நீட்டி உன் நேரம் முடிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவளுக்கு இந்தப் பெயரை வைத்தது உன் அம்மா என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ பள்ளிக்கூடப் பையில் வைத்து ரொட்டிக் கடைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு குட்டியாகக் கொண்டுவருவாய், ஒவ்வொன்றும் கழிச்சல் கண்டு செத்துப்போகும், நீ சாப்பிடாமல் கிடப்பாய். நாலாவது குட்டி வந்தபோது உன் அம்மா, பிள்ளை தங்காத வீடுகளில் வைக்கிற பெயரை எடுத்து அதற்கு வைத்தாள், தோக்தா, நில் என்று. மனிதப் பெயரைப் பூனைக்கு வைக்கிறாளே என்று தெருவே பேசியது. துர்தி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை, அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பேர் போன பிறகு அவனுக்கும் அதே காரணத்துக்காகத்தான் துர்தி, தங்கினான் என்று பெயர் வைத்தார்கள். "எனக்கும் பூனைக்கும் ஒரே ஜாதகம்டா எர்கஷ், யாரு முதல்ல போறோம்னு பார்த்துக்கிட்டே இரு" என்றான். பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ என்னிடம் சொன்னதோடு நிற்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை என்றதும் உன் தம்பிக்குப் போன் செய்திருக்கிறாய். வியாழக்கிழமை அவன் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான், கால்நடை டாக்டராம், பெயர் செவாரா, உன்னைவிடச் சின்னவள். "துர்தி மாமா வீட்டு ஆட்டைப் பார்க்க வந்தாங்கப்பா, அப்படியே இங்கயும் ஒரு எட்டு" என்று அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். துர்தி ஆட்டை வசந்தத்திலேயே விற்றுவிட்டான். இல்ஹோமுக்குப் பொய் சொல்ல வராது, அது ஒன்றுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது. நான் மடியில் தோக்தாவை வைத்துக்கொண்டு பஞ்சு வைத்துத் தைத்த என் அங்கிக்குள் மூடியபடி உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தவள், ரொட்டி பிட்டு வைத்தேன், தேநீர் ஊற்றினேன். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினேன். எழுந்து போ என்று வாயால் சொல்லாமல் சொல்ல நம் வீடுகளில் வேறு வழி இல்லை, மதிப்புள்ள விருந்தாளிக்குக் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும் என்று. என் ஆயுளில் ஒருவருக்கும் நான் அப்படி ஊற்றியதில்லை. இல்ஹோமின் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சூடாக இருந்ததை ஊதி ஊதி ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, கிண்ணத்தை மறுபடியும் என் முன்னால் நீட்டினாள். "நல்லா இருக்கு தாத்தா, இன்னும் கொஞ்சம்" என்றாள். நான் என்ன செய்வது, கொஞ்சமாக ஊற்றினேன்.

பிறகு பேசினோம். கால்வாய்க் கோட்டைப் பற்றி உனக்கு எழுதியதை அவளுக்கும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். "சராசரியப் பத்தி நீங்க சொல்றது சரிதான் தாத்தா. தெருவுல பொறந்தது நாலஞ்சு வருஷம் ஓடினாலே பெரிசு, வீட்டுச் சூட்டுல இருக்கிறது பன்னிரண்டு பதினஞ்சு, சிலது இருபதைத் தொடும். எப்பப் போகும்னு எந்தப் புத்தகமும் சொல்லாது. ஆனா நான் சராசரியப் பார்க்க வரல, இதோட சிறுநீரகத்தைப் பார்க்க வந்தேன். கையக் கொஞ்சம் எடுங்க" என்றாள். எடுத்தேன். அவள் விரல் வயிற்றில் போய் நின்றதும் தோக்தா கத்தவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிக் கல்லைப்போல ஆகிவிட்டதாம், அதனால்தான் அவ்வளவு தண்ணீர் குடிக்கிறாளாம், குடித்தும் உடம்பில் தங்காதாம். வைத்தியம் இல்லை, ஆனால் இன்றைக்கே ஊசி போட வேண்டும் என்றும் இல்லை என்றாள். தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போல இழுத்துப் பிடித்து ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றுவது எப்படி என்று எனக்குக் காட்டிக்கொடுத்தாள், என் கை நடுங்குகிறது, பிடிப்பது நான், ஏற்றுவது இல்ஹோமின் மனைவி.

போகும்போது ஒன்று சொன்னாள். "தாத்தா, அவ தானா குடிக்கிற வரைக்கும் இருக்கட்டும். கிண்ணத்துக்கு முன்னால வந்து உட்கார்ந்துட்டு குடிக்காம இருந்தான்னா, அன்னிக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்க. அதுக்கப்புறமும் வெச்சுக்கிட்டா அது உங்களுக்காக வெச்சுக்கிறது, அவளுக்காக இல்ல." அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். தோக்தா தண்ணீரை விட்ட அன்று நான் தடுக்க மாட்டேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், நீ வரவில்லை என்பதற்காக அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். மகளே, நீ வர வேண்டும். பூனை வயதை மனித வயதாக மாற்றுகிற கணக்கு ஒன்றையும் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். முதல் வருடத்துக்குப் பதினைந்து, இரண்டாவதுக்கு ஒன்பது, அதன் பிறகு வருடத்துக்கு நாலு. கூட்டிப் பார்த்தால் தோக்தாவுக்குத் தொண்ணூற்றிரண்டு. இந்த வீட்டில் இப்போது எனக்கும் மூத்தவள் அவள்தான். மூத்தவர் ஒருவர் படுத்துவிட்டால் நம் மக்கள் என்ன செய்வார்கள்? எந்த ஊரில் இருந்தாலும் வந்து, கையைப் பிடித்து, நான் செய்த குறையைப் பொறுத்துக்கொண்டு திருப்தியோடு போங்கள் என்று ரிஸா கேட்பார்கள். இளையவர்தான் வர வேண்டும். மூத்தவருக்குச் சொல்லி அனுப்புவது என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. இதைத் துர்தியிடம் சொன்னபோது, "பூனைகிட்ட ரிஸாவா? எலிங்க வந்து கேட்கட்டும்டா, அதுங்களுக்குத்தான் கணக்கு பாக்கி" என்று புதுப்பல் முழுக்கத் தெரியச் சிரித்தான். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

உன் அம்மா ஓய்தின் போனபோது உன் விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாய், வெளியேறினால் திரும்ப விட மாட்டார்கள் என்றாய். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நீ போனில் அழுதுகொண்டு ரிஸா கேட்டாய், நான் போனை அவள் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். அவள் கண் மூடியிருந்தது. நீ பேசி முடித்த பிறகும் பிடித்திருந்தேன், எடுக்கலாமா என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக நீ ஒவ்வொரு தடவையும் "அம்மாவுக்குக் கேட்டிருக்கும்ல அப்பா?" என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்கிறவன் நான் அல்ல, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றுகிறேன். இப்போது நீ பூனையையும் போனிலேயே முடித்து அனுப்பப் பார்க்கிறாய். முடியாது. இன்னொரு முறை அந்தப் போனை யார் காதிலும் நான் பிடிக்க மாட்டேன். உனக்குப் பதிலாக நான் கேட்கவும் மாட்டேன். ரிஸா இன்னொருவர் வாயால் கேட்கிற விஷயம் அல்ல.

பூனைக்காக யார் லீவு கொடுப்பார்கள் என்பாய். முதலாளியிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே, என் பெயரில் பொய் வேண்டாம், எனக்கு முழங்கால்தான். பூனை சாகக் கிடக்கிறது, நான் பார்க்கப் போகிறேன் என்று சொல். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தத் தடவை உன் விசாவில் ஒரு தடையும் இல்லை என்று தவ்ரோனே இல்ஹோமிடம் சொல்லியிருக்கிறான். லோலாவையும் கூட்டிக்கொண்டு வா, குழந்தை சாவைப் பார்க்கக் கூடாது என்று நினைக்காதே, மெதுவாக வருகிற சாவைப் பார்க்க முடிவது ஒரு கொடுப்பினை. வந்து அவளை மடியில் எடு, எலும்பு கையில் குத்தும், பயப்படாதே. வலது கண்ணில் புகை படர்ந்துவிட்டது, இடது பக்கம் உட்கார். சொல்ல வேண்டியதைச் சொல். அதன் பிறகு டாக்டரை எப்போது கூப்பிடுவது என்று நீயே முடிவு செய், நான் ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டேன், பூனை உன்னுடையது. நீ வராமல் போனாலும் உன்னைத் திட்ட மாட்டேன், ஆனால் அவள் உன்னிடம் திருப்தியாகப் போனாள் என்று மட்டும் என்னிடமிருந்து எந்தக் காலத்திலும் கேட்க மாட்டாய்.

இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே, கடல்காற்று நெஞ்சில் இறங்கும். லோலாவோடு நம் மொழியில் பேசு, போன தடவை என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் உன் முகத்தைப் பார்த்தாள். இறைவன் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் விசாலமான மனதும் தரட்டும், உங்கள் ரொட்டியில் பரக்கத்து இருக்கட்டும், போகிற வழி வெளிச்சமாக இருக்கட்டும். விமானம் இறங்கும் நாளை இல்ஹோமிடம் சொல், அவன் தாஷ்கண்ட்டுக்கு வருவான்.

மடிப்பதற்கு முன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கிண்ணத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு தலையைக் குனிந்து குடித்தாள். இன்று குடித்தாள் முனவ்வர். புறப்படு.

இப்படிக்கு,
உன் தந்தை எர்கஷ்